ஒன்பது ஆண்டு, நான்கு நாள்

மனிதன் கண்டுபிடித்தவற்றுள் பொய் சொல்லத் தெரியாத ஒரே பொருள் மடக்கை. அரசுகள் கவிழும், உறவுகள் முறியும், இரண்டின் மடக்கை மட்டும் என்றைக்கும் 0.3010 ஆகவே இருக்கும். அந்த உண்மையின் மேல்தான் என் முழு வாழ்க்கையும் உட்கார்ந்திருக்கிறது. இப்போதைக்கு நான் உட்கார்ந்திருப்பது நீங்கள் கொடுத்த நாற்காலியின் மேல். அதற்கு ஒரு கால் குட்டை. நான்காக மடித்த காகிதம் ஒன்றை அடியில் வைத்தால் ஆட்டம் நின்றுவிடும் என்று ஏட்டிடம் சொன்னேன். பார்க்கலாம் சார் என்றார்.

ஐயா, இந்த வாக்குமூலத்தை என் கைப்பட நானே எழுதித் தருவதாகக் கேட்டுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பிறர் எழுதினால் நடுவில் படிகளை விட்டுவிடுவார்கள். நேராக விடைக்குத் தாவுவார்கள். விடையை மட்டும் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். படிகளோடு பார்த்தால் இருக்காது.

நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிப்பவன். முப்பத்தோரு ஆண்டாக. மடக்கைக்கு ஆங்கிலத்தில் லாக் என்பதால் பள்ளியில் என்னை ‘லாக் சார்’ என்பார்கள். கேலி என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மடக்கைச் சமன்பாடுகளுக்கும் கூட்டு வட்டிக் கணக்குகளுக்கும் நான் எழுதிய வழிகாட்டி நூல் ஆறு பதிப்பு கண்டிருக்கிறது. அவற்றுள் நான்கு பதிப்பு விற்றும் இருக்கிறது.

என் வகுப்பில் ஒரு விதி. மடக்கைக்கு உள்ளே குறை எண் வந்துவிட்டால் அந்தக் கணக்குக்குத் தீர்வு கிடையாது. “லாகுக்குள்ள மைனஸ் வந்துச்சா? தீர்வு இல்லைன்னு எழுது, பேனாவ மூடு, வீட்டுக்குப் போ” என்று ஆண்டுதோறும் முதல் நாளே சொல்லிவிடுவேன். பலர் போக மாட்டார்கள். எங்கோ குறி தவறியிருக்கும் என்று தாமாகவே முடிவு கட்டி, மைனஸை நைசாகத் துடைத்துவிட்டு மேலே போவார்கள். அவர்களுக்கு நான் பாதி மதிப்பெண் போடுவதில்லை. சிவப்பு மையால் பூஜ்யம் போட்டுப் பக்கத்தில் கையெழுத்தும் இடுவேன். பூஜ்யத்தின் மேல் இன்னொரு பூஜ்யத்தை ஏற்றி எட்டாக்கிவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இனி மாமனார். லிஃப்ட் மெக்கானிக்காக நாற்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொன்பது வயது. ஒன்றரை ஆண்டுக்கு முன் தன் வீட்டை விற்று, வந்த முப்பது லட்சத்தை எட்டு சதவீதக் கூட்டு வட்டிக்கு வங்கியில் போட்டுவிட்டு, ஒரு பெட்டியோடும் ஒரு ஸ்குரூடிரைவர் உறையோடும் எங்கள் வீட்டில் வந்து இறங்கினார். அவரைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அம்மாளின் சம்பளம், மருந்து, மருத்துவர் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் செலவு. ஆண்டுக் கடைசியில் அந்தத் தொகையை அவருடைய வைப்பிலிருந்து ஒரே தடவையாக எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. அதுவரை என் சம்பளத்தில் ஓடும்.

“அப்பா காசு அப்பாவுக்கு. நமக்கு ஒரு பைசா பாரம் இல்லைங்க” என்றாள் மனைவி. நிரூபிக்கப்படாத கூற்றுக்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

அவரைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். நல்ல மனிதர். வீட்டில் பழுதான எதையும் விட்டுவைக்க மாட்டார். பழுதாகாததையும் விட்டுவைக்க மாட்டார். என் மீது மரியாதை உண்டு. ஒருநாள் என் மடக்கை அட்டவணையைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

“மாப்பிள்ளை, இதுல என் வயசுக்கும் உண்டா?”

“உண்டு மாமா. எழுபத்தொன்பதுக்கு ஒண்ணு புள்ளி எட்டு ஒன்பது ஏழு ஆறு.”

“அட, எனக்கு இன்னும் ரெண்டு வயசே ஆகலையா” என்று மகளைக் கூப்பிட்டு, அன்று முழுவதும் தன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சிரித்துச் சிரித்து அடுப்பில் பாலைப் பொங்கவிட்டாள். மடக்கையில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

கணக்குப் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில். முதல் நாள்தான் மருத்துவர் அவரைச் சோதித்துவிட்டு, “மாத்திரைய மட்டும் விடாம போடுங்க பெரியவரே, தொண்ணூத்தஞ்சு வரைக்கும் வண்டி ஓடும்” என்று முதுகில் தட்டி அனுப்பியிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு ஒரே ஒரு கேள்வி எழுந்தது. வண்டி ஓடும், பணம் ஓடுமா?

சாதாரண மனிதன் இந்த இடத்தில் முப்பதை எட்டால் பெருக்கி, விரலை மடக்கி எண்ண ஆரம்பிப்பான். அது கடைக்காரன் கணக்கு. நான் நேராகச் சமன்பாட்டுக்குப் போனேன். ஆண்டுச் செலவிலிருந்து முதல் ஆண்டு வட்டியைக் கழிக்க வேண்டும். வருகிற எண்ணால் ஆண்டுச் செலவை வகுக்க வேண்டும். அந்த ஈவின் மடக்கையை 1.08இன் மடக்கையால் வகுத்தால், பணம் எத்தனை ஆண்டில் தீரும் என்பது கையில் வந்துவிடும். என் நூலில் ஒன்பதாம் அத்தியாயம் முழுக்க இதுதான்.

கழித்தேன். மைனஸ் எண்பதாயிரம் என்று வந்தது.

அந்த நேரம் பார்த்து மாமனார் வாசல் அழைப்பு மணியைப் பிரித்துப் போட்டிருந்தார். ஒரு கம்பியைத் தொடுவார், மணி அடிக்கும். “யாரும் இல்ல, நான்தான்” என்று உள்ளே குரல் கொடுப்பார். மறுபடி அடிக்கும். ஆறாம் முறை அடித்தபோது, இந்தச் சத்தத்தில் எண்களை முன்பின்னாக எழுதிவிட்டேன் என்பது தெளிவாயிற்று. மைனஸை அழித்துத் திருத்திக்கொண்டேன். எண்பதாயிரம். ஒரு லட்சத்து அறுபதாயிரத்தை எண்பதாயிரத்தால் வகுத்தால் இரண்டு. இரண்டின் மடக்கை 0.3010, 1.08இன் மடக்கை 0.0334. ஒன்பது ஆண்டு, நான்கு நாள்.

ஐயா, விடை இவ்வளவு சுத்தமாக வந்தால் வழி சரி என்று பொருள். இது கணித ஆசிரியர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வினாத்தாளில் கணக்குகளைச் சுத்தமாக முடியும்படி அமைப்பது நாங்கள்தானே. நடுவில் இரண்டு வந்து நின்றதும் எனக்கு மெய்சிலிர்த்தது.

மாமனார் எட்டிப் பார்த்தார். “என்ன மாப்பிள்ளை, பரீட்சைப் பேப்பரா?”

“உங்க பணம் எத்தனை வருஷம் வரும்னு பார்க்கிறேன் மாமா.”

“அது என்னைவிட நாள் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய் மறுபடி மணியை அடித்தார். கணிதப் பயிற்சி இல்லாதவர்களின் தன்னம்பிக்கை எனக்கு எப்போதுமே வியப்பு.

ஒன்பது ஆண்டு கழித்து அவருக்கு எண்பத்தெட்டு. மருத்துவர் வாக்குப்படி அதன் பிறகும் ஏழு ஆண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் வீதம் அந்த ஏழு ஆண்டுக்குப் பதினொரு லட்சத்து இருபதாயிரம். அதைச் சுமக்கப்போவது அறுபத்தேழு வயதில் ஓய்வூதியத்தில் இருக்கும் நான். என் ஓய்வுக்காலப் பணத்துக்கோ வேறு வேலை இருந்தது. நூலின் ஏழாம் பதிப்பைக் கெட்டி அட்டையில், தங்க எழுத்தில், ஆசிரியர் படத்துடன் கொண்டுவருவதாக இருந்தேன். ஓவியர் முன்பணம் வாங்கி, மூக்கு வரை வரைந்தும் முடித்துவிட்டார்.

ஆனால் நான் என்னைப் பற்றி மட்டும் யோசித்தேன் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. மாமனார் மானஸ்தர். கையில் காசில்லாமல் மகள் வீட்டில் ஏழு ஆண்டு தலை குனிந்து சாப்பிடும் நிலை அவருக்கு வரக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். ஆகவே அவருடைய காலம் பணத்தின் காலத்துக்குள் அடங்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை எழுதினேன். ஒன்பதுக்குக் குறைவான எந்த எண்ணும் அதை நிறைவு செய்யும். ‘காலம் = 1 என்க’ என்று அடுத்த வரியில் எழுதினேன். ஒன்று எளிய எண்.

இதயத்துக்காக அவர் தினமும் காலையில் சிறிய வெள்ளை மாத்திரை ஒன்று சாப்பிடுவார். என் தொழிலில் சிறிய வெள்ளைப் பொருளுக்குப் பஞ்சமில்லை. பள்ளியிலிருந்து ஒரு பெட்டி சுண்ணக்கட்டி எடுத்து வந்தேன். அதற்குரிய விலையை அலுவலகத்தில் கட்டி ரசீதும் வாங்கியிருக்கிறேன்; பிறர் பொருளை எடுப்பவன் அல்ல நான். துண்டுகளை நகம் தேய்க்கும் அரத்தால் வட்டமாக்கினேன். முதல் இருபது சரியாக அமையவில்லை. அதன் பிறகு கை பழகிவிட்டது. வைப்பு போட்டு ஓராண்டு நிறைவதற்குச் சில நாள் முன்பு மாத்திரை டப்பாவில் மாற்றி வைத்தேன்.

உடம்பில் உள்ள மருந்து நாளுக்கு நாள் பாதியாகக் குறைகிறது என்று கொண்டால், பத்தாம் நாள் மிஞ்சியிருப்பது ஆயிரத்து இருபத்து நான்கில் ஒரு பங்கு. இதுவும் அடுக்குக் கணக்குதான். பதினோராம் நாள் அவரை உற்றுக் கவனித்தேன். எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

இருபதாம் நாள் வாக்கில், காலைச் சாப்பாட்டின்போது சொன்னார். “மாப்பிள்ளை, இந்த மாத்திரை வரவர பள்ளிக்கூடம் மாதிரி ருசிக்குது.”

“கம்பெனிய மாத்திட்டாங்க மாமா.”

“நான் அஞ்சாங்கிளாஸோட நின்னவன். மிச்சப் படிப்பையும் இப்பவே முடிச்சிடறேன்” என்று சிரித்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

நாற்பத்து நான்காம் நாள் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மேல்வீட்டு அம்மா, கையில் முட்டை அட்டையுடன். கம்பெனிக்காரன் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். “அதுவரைக்கும் அந்தப் பொண்ணு முட்டையோட அடைகாக்கவா?” என்று கேட்டுவிட்டு, மாமனார் ஸ்குரூடிரைவர் உறையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் படியேறினார். நான்கு மாடி. கால் மணி நேரத்தில் லிஃப்ட் அசைந்து மூன்றாம் மாடிக்கு வந்தது. ஒரு முட்டைகூட உடையவில்லை. அவர் மட்டும் இறங்கி வரவில்லை. மோட்டார் அறை வாசற்படியில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருந்தார். அவரைக் கீழே கொண்டுவர லிஃப்ட் பயன்பட்டது.

“மாத்திரை விடாம போட்டாரா?” என்று மருத்துவர் கேட்டார்.

“ஒரு நாள் தவறல டாக்டர். நானே கையில எடுத்துக் குடுத்தேன்” என்றாள் மனைவி. அது உண்மை. டப்பாவை நிரப்பியது நான். எடுத்துக் கொடுத்தது அவள். இந்த விவரத்தை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவள் எதையும் கொஞ்சம் பெரிதுபடுத்தி எடுத்துக்கொள்வாள்.

வயது முதிர்வு, இதயம் என்று சான்றிதழ் தந்தார்கள். யாருக்கும் சந்தேகம் இல்லை. இங்கே நான் உட்கார்ந்திருக்க வேண்டிய தேவையே வந்திருக்காது, வங்கி ஒழுங்காக வேலை செய்திருந்தால்.

மூன்று மாதம் கழித்து, பெயர் மாற்றுவதற்காக மனைவி பாஸ்புக்கை எடுத்து வந்தாள். “ஏங்க, வருஷச் செலவ எடுத்த பிறகும் அப்பா பணம் எம்பதாயிரம் கூடியிருக்கு.”

வாங்கிப் பார்த்தேன். முப்பது லட்சத்து எண்பதாயிரம். என் தாளில் இருந்த அதே எண்பதாயிரம், ஆனால் எதிர்ப் பக்கத்தில் நின்றது. ஒன்பது ஆண்டில் தீர வேண்டிய பணம் முதல் ஆண்டிலேயே கூடுவது என்பது கணிதத்துக்கே இழைக்கப்பட்ட அவமானம். மறுநாள் காலை வங்கி திறக்கும்போது வாசலில் நின்றேன்.

கவுண்டரில் இருந்த அம்மா பொறுமையாகத்தான் பேசினார். “சார், முதல் வருஷ வட்டி ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். நீங்க எடுத்தது ஒண்ணு அறுபது. மிச்சம் எம்பதாயிரம் உள்ள இருக்கு. இதுல தப்பு எங்க சார்?”

“நீங்க மடக்கை படிச்சிருக்கீங்களா?”

“படிச்சேன் சார். மறந்துடுச்சு.”

“தெரியுது.”

அவர் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவரைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையை நான் முப்பத்தோரு ஆண்டாகக் கடைசி பெஞ்சில் பார்த்து வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் மேலாளருக்கு எழுத்து மூலமாகப் புகார் எழுதினேன். சான்றாக என் கணக்குத் தாள் நான்கு பக்கத்தையும் இணைத்தேன். முதல் பக்கத்தில் தரவுகள். இரண்டாம் பக்கத்தில் சமன்பாடும் தீர்வும். மூன்றாம் பக்கத்தில் ‘காலம் = 1 என்க’ என்பதும் சுண்ணக்கட்டியும். நான்காம் பக்கத்தில் மருந்து பாதியாகும் அட்டவணை. மூன்றாம் பக்கத்தை ஏன் இணைத்தீர்கள் என்று முதல் நாளே கேட்டீர்கள். படிகளை மறைத்தால் மதிப்பெண் குறையும், ஐயா. பக்கந்தோறும் கையெழுத்தும் இட்டிருக்கிறேன்.

மேலாளர் மூன்றாம் பக்கம் வரை படித்திருக்கிறார். என் எழுத்தை அவ்வளவு தூரம் படித்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். அதன் பிறகுதான் உங்களுக்குத் தொலைபேசி வந்தது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். என் மாமனாரைக் கொன்றது நான்தான். சித்த சுவாதீனத்துடன், யாருடைய தூண்டுதலும் இல்லாமல், ஒன்பது ஆண்டு நான்கு நாள் என்ற விடையின் அடிப்படையில் செய்தேன். தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். ஒன்றே ஒன்று. கணக்கு சரி என்பதைத் தீர்ப்பில் ஒரு வரியில் குறிப்பிட வேண்டும். வங்கியின் பேரேட்டையும் சோதிக்க உத்தரவிட வேண்டும். தவறு செய்தவன் என்று என்னை யாரும் சொல்லலாம். தவறாகக் கணக்குப் போட்டவன் என்று சொல்லக் கூடாது.

இந்த இடத்தில் கையெழுத்திட இருந்தேன். அப்போது தேநீர் வந்தது. கூடவே ஏட்டு கொஞ்சம் தயங்கி நின்றார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. என் பொண்ணுக்கு நாளைக்குப் பரீட்சை. உங்க புத்தகத்துலதான் போடுறா. ஒரு கணக்கு, புத்தகத்துல பின்னாடி இருக்கிற விடையோட ஒத்து வரலைன்னு நேத்து ராத்திரி ஒரே அழுகை.”

தாளை வாங்கினேன். ஒன்பதாம் அத்தியாயம், ஏழாம் கணக்கு. ஒரு நூலகத்தின் நிதி ஐந்து லட்சம். பத்து சதவீதக் கூட்டு வட்டி. ஆண்டுதோறும் நாற்பதாயிரத்துக்குப் புத்தகம் வாங்குகிறார்கள். நிதி எத்தனை ஆண்டில் தீரும்? பார்த்த மாத்திரத்தில் தவறு தெரிந்தது. செலவு நாற்பதாயிரத்திலிருந்து வட்டி ஐம்பதாயிரத்தைக் கழித்து மைனஸ் பத்தாயிரம் என்று சரியாகத்தான் கொண்டுவந்திருக்கிறாள். அடுத்த படியில் மைனஸைத் துடைத்துவிட்டாள். பிறகு நான்கின் மடக்கை, அது இது என்று போய்ப் பதினான்கரை ஆண்டு என்று முடித்திருக்கிறாள். விடை சுத்தமாகக்கூட வரவில்லை.

என் சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது. உங்கள் ஆட்கள் இடுப்புப் பட்டையையும் கைக்கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டார்கள், இதை விட்டுவிட்டார்கள். அந்தப் படியைச் சுழித்துப் பக்கத்தில் எழுதினேன்: ‘குறியை மாற்ற உனக்கு யார் அனுமதி கொடுத்தது? மடக்கைக்குள் குறை எண். தீர்வு இல்லை. வட்டியே செலவைவிட அதிகம். நிதி என்றைக்கும் தீராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்கும் இது தெரியும்.’ கீழே பூஜ்யம் போட்டுக் கையெழுத்திட்டேன்.

ஏட்டு அதை நின்றபடியே இரண்டு முறை படித்தார். பிறகு மேசை மேல் இருந்த கோப்பைத் திறந்து, என் புகாரின் இரண்டாம் பக்கத்தை உருவி, மகளின் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“எனக்கு இதெல்லாம் புரியாது சார்” என்றார். “ஆனா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கிற மாதிரி இருக்கு.”

இரண்டையும் பார்த்தேன். தேநீர் ஆறும் வரை பார்த்தேன்.

வாக்குமூலத்தில் ஒரு திருத்தம் மட்டும் செய்ய வேண்டியிருக்கிறது. வங்கியின் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன். கவுண்டரில் இருந்த அம்மா போட்ட கழித்தல் சரி.